தோட்டத்துச் சங்கச் சந்தாவும் கட்டடக்கலைஞர் நிறுவகச் சந்தாவும்

தலவாக்கலைக்கு அருகேயுள்ள தோட்டமொன்றில் பிறந்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து முடித்து, கண்டியில் ஓர் அலுவலகத்தில் இரண்டாம் ஆண்டாகப் பணியாற்றும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தொழிற்பரீட்சை முடிந்ததும் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் உறுப்பினராகும்படி அலுவலகத்து மூத்தவர் வற்புறுத்துகிறாராம். பரீட்சைக் கட்டணம், சேர்வுக் கட்டணம், ஆண்டுச் சந்தா என்று கூட்டிப் பார்த்தால் தம் வீட்டு நிலைக்கு அது சிறிய தொகை அல்ல என்கிறார். கூட்டங்கள் கொழும்பில் நடக்கின்றன, பேச்சு ஆங்கிலத்தில் இருக்கிறது, மலையகத்துக்கு இந்த நிறுவகத்தால் என்ன பயன் என்பது அவர் கேள்வி. பல ஆண்டுகள் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டிய அவருடைய அப்பா, “சங்கம் என்றால் சம்பளம் கூட்டிக் கேட்க வேண்டும், இது எதற்கு?” என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லையாம். கடைசியாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார். கொட்டகலையில் வீடு கட்டவிருக்கும் மாமா, வரைபடத்தில் மருமகளின் பெயரைக் கட்டடக்கலைஞர் என்று போட ஆசைப்படுகிறார், போடலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது காத்திருக்கக் கூடிய விடயம் அல்ல. மாமாவின் வரைபடத்தில் உங்கள் பெயரை அப்படிப் போடக்கூடாது. பட்டம் பெற்றிருப்பது ஒரு நிலை, பதிவு பெற்றிருப்பது வேறொரு நிலை என்பதைப் பல்கலைக்கழகத்திலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பி, ‘நம்ம பிள்ளை ஆர்க்கிடெக்ட்’ என்று பூரிப்போடு சொல்லும் உறவினர் முன்னால் அந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தைச் சட்டபூர்வமான அமைப்பாக்கியது. அதனைத் திருத்திய 1996ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் கட்டடக்கலைஞர் பதிவுச் சபையை ஏற்படுத்தியது. அந்தச் சபையின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும் வரை, கட்டடக்கலைஞர் என்ற பெயரில் தொழில் நடத்தும் உரிமை உங்களுக்கு இல்லை. மாமா அன்பினால் கேட்கிறார். ஆனால் நாளைக்கு அயலவர் ஒருவர் எல்லைத் தகராறில் அந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு பிரதேச சபைக்குப் போனால், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் எப்படி உதவலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் பதிவும் உறுப்புரிமையும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. பதிவு என்பது, இன்னார் இந்தத் தொழிலைச் செய்யத் தகுதி உடையவர் என்று பொதுமக்களுக்குச் சட்டம் தரும் உறுதி. உறுப்புரிமை என்பது, அத்தொழில் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் சபையில் உங்களுக்கும் ஓர் இடம் இருப்பது. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் பதிவை நடத்துகிறது. அங்குள்ள கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் சேர்வதும் சேராமல் இருப்பதும் அவரவர் விருப்பம். பிரித்தானியாவிலும் பதிவுச் சபை தனி, 1834இல் தோன்றிய பிரித்தானியக் கட்டடக்கலைஞர் அரச நிறுவகம் (RIBA) தனி. நம் நாட்டில் இரண்டும் ஒரே சட்டத்திலிருந்து கிளைத்தவை. பட்டயக் கட்டடக்கலைஞர் என்ற பெயரும் நிறுவகத்தின் உறுப்புரிமையோடு சேர்ந்தே வருவதால், இளையவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதில் வியப்பு இல்லை. பதிவைப் பற்றித் தயங்க இடமில்லை. இந்தப் பெயரோடு தொழில் செய்ய விரும்பினால் அது வேண்டும். அதற்கு மேலும் ஆண்டுதோறும் சந்தா கட்டி, கூட்டத்துக்குப் போய், ஓர் அமைப்பின் உறுப்பினராக ஏன் இருக்க வேண்டும் என்பதே நீங்களும் உங்கள் அப்பாவும் கேட்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்த காலத்திலிருந்து, மலையகத்தில் சங்கம் என்ற சொல்லுக்குத் திடமான ஒரு பொருள் இருந்து வருகிறது. துரையின் முன்னால் தனியாக நிற்க முடியாதவர்கள் ஒன்றாக நிற்பதற்குப் பெயர் சங்கம். சம்பளத்தில் பிடிக்கப்படும் சந்தாவுக்கு ஈடாக, வேலைப் பதிவிலிருந்து பெயர் வெட்டப்பட்டால் கேட்பதற்குத் தோட்டத் தலைவர் இருப்பார், அவருக்கு மேலே மாவட்டப் பிரதிநிதி இருப்பார் என்ற நம்பிக்கை கிடைத்தது. அந்த அளவுகோலை எடுத்து வைத்தால், கட்டடக்கலைஞர் நிறுவகம் உங்களுக்கு ஏமாற்றத்தையே தரும். அது உங்கள் சம்பளத்தைக் கூட்டித் தராது, வேலை வாங்கித் தராது, அலுவலக முதலாளியோடு உங்களுக்காகப் பேரம் பேசாது. சம்பளம், வேலைநேரம், விடுமுறை பற்றிய பிணக்குகளுக்குத் தொழில் திணைக்களமும் தொழில் நியாய சபையும் இருக்கின்றன. அவற்றை நிறுவகத்திடம் எதிர்பார்த்துச் சேர்ந்தவர்கள் இரண்டு ஆண்டுகளில் சந்தாவை நிறுத்திவிட்டு, ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று சொல்லித் திரிவதைப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்சங்கம் உறுப்பினரின் பக்கத்தில் நின்று வெளியாரோடு பேசுகிறது. தொழில்சார் நிறுவகம், தன் கடமையை ஒழுங்காகச் செய்யும்போது, வெளியாரின் பக்கத்தில் நின்று தன் உறுப்பினரோடு பேசுகிறது. ஏன் அப்படி ஓர் அமைப்பு தேவைப்படுகிறது? கொழுந்து நிறுக்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்பதை உங்கள் அம்மா தம் கண்ணாலேயே பார்த்து, கிலோ குறைந்தால் அந்த இடத்திலேயே கேட்கலாம். ஆனால் மாமா வீடு கட்டும்போது, அத்திவாரம் நிற்பது வெட்டி எடுத்த உறுதியான மண்ணிலா, கொட்டி நிரப்பிய மண்ணிலா என்பதை அவரால் பார்த்து அறிய முடியாது. கம்பியின் கனம் போதுமா, தாங்குசுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய வழி விட்டிருக்கிறதா என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிய வரும் நாளில் சுவர் வெடித்திருக்கும், வாங்கிய கடனில் பாதி இன்னும் கட்டப்படாமல் இருக்கும். வாங்குபவரால் சோதித்துப் பார்க்க முடியாத பொருளை விற்கும் தொழில்கள் அனைத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. வைத்தியமும் சட்டமும் அப்படிப்பட்டவையே. விற்பவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால்தான், அதே தொழிலை அறிந்தவர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவர் தவறினால் தாங்களே கேட்போம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அப்பாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள்: ‘நான் கட்டப்போகும் சந்தா, என்னைக் கேள்வி கேட்கும் ஓர் இடத்தை வைத்திருப்பதற்கு.’ தோட்டத்தில் கேட்பாரற்ற அதிகாரம் என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவர் அவர். நீங்கள் நினைப்பதை விட விரைவாக அவருக்கு இது விளங்கும்.

ஆனால் கேள்வி கேட்கப்படுவதில் உங்களுக்கு என்ன நன்மை? இதை எனக்கு நடந்த ஒன்றைக் கொண்டு சொல்வதே நல்லது. தனியாக அலுவலகம் தொடங்கிய முதல் ஆண்டில், கண்டியில் தரை ஓடு விற்கும் ஒருவர் ஒரு கடித உறையோடு வந்தார். என் வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுக்கு அவருடைய ஓடுகளை நான் குறிப்பிட்டிருந்தேன். அதற்கான ‘வழக்கமான பங்கு’ என்றார். அந்த மாதம் அலுவலக வாடகை கொடுப்பதற்கு என்னிடம் பணம் இல்லை. வாங்கவும் மனம் வரவில்லை. வயதில் மூத்த அந்த மனிதரிடம், ‘இது இலஞ்சம்’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் துணிவு இல்லை. கடைசியில், “நிறுவகத்தின் ஒழுக்கக் கோவை இதற்கு இடம் தராது ஐயா, வாங்கினால் என் உறுப்புரிமைக்கே ஆபத்து” என்றேன். அவர் மனம் நோகவில்லை. சட்டம் அப்படி என்றால் என்ன செய்வது என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். நான் நல்லவன் என்று அவரிடம் நிரூபிக்க வேண்டிய தேவையே அன்று எழவில்லை. வாடிக்கையாளரிடம் பெறும் கட்டணத்தைத் தவிர, பொருள் விற்பவரிடமிருந்தோ ஒப்பந்தகாரரிடமிருந்தோ மறைவாக எதையும் பெறக்கூடாது என்பது உலகெங்கும் கட்டடக்கலைஞர் அமைப்புகளின் ஒழுக்கக் கோவைகளில் உள்ள அடிப்படை விதி. அது வாடிக்கையாளரைக் காப்பாற்றுகிறது என்றே படித்திருந்தேன். சிறு நகரத்தில், எல்லோரும் எல்லோருக்கும் அறிமுகமான இடத்தில், உறவும் நட்பும் கெடாமல் மறுப்பதற்கு வழி தந்து அது என்னையும் காப்பாற்றியது.

இன்னொரு அனுபவம் என் தவறைப் பற்றியது. பேராதனைப் பக்கம் ஒரு வீட்டுக்கு, குடும்ப நண்பர் என்பதால், எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வேலையை எடுத்தேன். வரைபடம் தருவதும் இடையிடையே வந்து பார்ப்பதும் என் பணி என்று நான் நினைத்திருந்தேன். நாள்தோறும் வந்து மேசன் பாஸுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதும் என் பணி என்று அவர் நினைத்திருந்தார். மாடிப்படி தவறாகக் கட்டப்பட்ட நாளில் இருவருமே நம்பிக்கைத் துரோகம் செய்யப்பட்டவர்களாக உணர்ந்தோம். இரண்டாண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை. நியமன ஒப்பந்தத்துக்கென நிறுவகம் வகுத்து வைத்திருக்கும் மாதிரியை அன்று மேசையில் விரித்திருந்தால், எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்டணம், மேற்பார்வை என்றால் என்ன, நாள்தோறும் மேற்பார்வை வேண்டுமென்றால் அதற்கு யாரை நியமிப்பது என்பதெல்லாம் முதல் நாளிலேயே பேசப்பட்டிருக்கும். அந்த மாதிரி ஒப்பந்தம் பல பேர் பல வழக்குகளில் பட்டு அறிந்ததன் திரட்டு. தனியொருவர் தம் வாழ்நாளில் செய்து தீர்க்கக்கூடிய தவறுகளை விட அதிகமான தவறுகள் அதற்குள் இருக்கின்றன. இளம் வயதில் சந்தாவின் பயனை மிகத் தெளிவாக உணரும் இடம் இதுதான் என்பேன்.

தொழிற்பரீட்சைக்கான பயிற்சிக் குறிப்பேடு, பாடநெறிகளை மதிப்பிட்டு அங்கீகரிப்பது, பணிசெய்துகொண்டே படிக்க விரும்புவோருக்காக நிறுவகம் நடத்தும் கட்டடக்கலைக் கல்லூரி, தொடர் தொழில் விருத்தி வகுப்புகள், போட்டிகள், விருதுகள் ஆகியவற்றைப் பற்றி உங்கள் மூத்தவர் சொல்லியிருப்பார். அவற்றை விரித்து எழுதத் தேவையில்லை. கல்லூரியை மட்டும் ஒரு வரி அழுத்திச் சொல்கிறேன்: பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்ட பிள்ளை உங்கள் தோட்டத்தில் இருந்தால், இந்தத் தொழிலுக்கு இன்னொரு கதவும் உண்டு என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இனி மலையகம். இங்கேதான் உங்கள் கேள்வி கூர்மையாகிறது. எனக்கும் மனம் அதிகம் ஒட்டியிருப்பது இதில்தான். நம் பகுதியில் வீடு கட்டுவதென்றால் பெரும்பாலும் மலைச்சரிவை வெட்டித் தட்டு எடுப்பது. வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோகச் செலவு என்பதால் அதையே சரிவின் கீழ்ப்பக்கம் கொட்டி முற்றத்தை அகலமாக்குகிறார்கள். வீட்டின் ஒரு பாதி வெட்டிய நிலத்திலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. மேல்பக்கத்து மழைநீருக்கு வாய்க்கால் இல்லை. மலசலக்கூடக் குழி சரிவின் மேற்புறத்தில் தோண்டப்பட்டு, ஆண்டு முழுவதும் மண்ணை உள்ளிருந்து நனைத்துக்கொண்டிருக்கிறது. தாங்குசுவரில் தண்ணீர் வடியத் துளை விட்டால் முற்றம் அசுத்தமாகும் என்று அதையும் அடைத்துவிடுகிறார்கள். இவற்றில் ஒன்றேனும் இல்லாத தெரு ஒன்றை ஹட்டனிலோ பண்டாரவளையிலோ எனக்குக் காட்டுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற வேண்டும் என்பது நடைமுறை. ஆனால் பரிந்துரைத் தாளில் எழுதப்பட்ட நிபந்தனைகள், மண்வெட்டி விழும்போது யார் கையில் இருக்கின்றன?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். செங்குத்தான காணி, மூன்று மாடி வேண்டும், பின்னால் வெட்ட வேண்டிய சுவர் வீட்டின் உயரத்தையும் தாண்டும். சரிவைப் படிகளாக வெட்டி, வீட்டையும் படிகளாக இறக்குவோம், இரண்டு மாடியோடு நிறுத்துவோம் என்று வரைந்து காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. நான் கையொப்பமிட மறுத்தேன். அடுத்த மாதமே இன்னொருவரின் கையொப்பத்தோடு வேலை தொடங்கியது. அந்த இன்னொருவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பு ஒருவர் செய்துகொண்டிருந்த வேலையை எடுக்கும்போது அவருக்கு அறிவித்துவிட்டு எடுக்க வேண்டும் என்ற மரபை நாம் வெறும் மரியாதை விடயமாக எண்ணுகிறோம். அன்று அவர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால், நான் ஏன் விலகினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் அவர் கையொப்பமிட்டிருப்பாரா என்பது வேறு கேள்வி. தனியொருவரின் மறுப்பு இப்படித்தான் முடியும். வாடிக்கையாளர் அடுத்த கதவைத் தட்டுவார். எல்லாக் கதவுகளுக்குப் பின்னாலும் ஒரே விதி இருந்தால் மட்டுமே மறுப்புக்குப் பலன் உண்டு. அந்த ஒரே விதியை உண்டாக்கி, மீறுபவரை அழைத்துக் கேட்கக்கூடிய இடம் தொழில்சார் நிறுவகத்தைத் தவிர வேறு எங்கே இருக்க முடியும்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதை நீங்கள் பாடசாலை நாட்களில் கேட்டிருப்பீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோப்புகளில் இருந்தது, மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். ஓர் அதிகாரியோ ஒரு பொறியியலாளரோ எழுதிய கடிதம் கோப்புக்குள் அடங்கிவிடும். எழுதியவர் அரச ஊழியராகவோ கம்பனி ஊழியராகவோ இருந்தால் அதற்கு மேல் வாய் திறக்கவும் முடியாது. ஆனால் ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் அனைவரும் கூடியிருக்கும் சட்டபூர்வமான அமைப்பொன்று பகிரங்கமாகப் பேசினால், அமைச்சும் தோட்டக் கம்பனியும் பதில் சொல்ல வேண்டிய நிலை உருவாகும். கட்டட ஒழுங்குவிதிகள் திருத்தப்படும்போது, வீடமைப்புத் திட்டங்கள் வகுக்கப்படும்போது, அரசு கருத்துக் கேட்பதும் இத்தகைய அமைப்புகளிடம்தான். அந்த மேசையில் சரிவு நிலத்தை அறிந்தவர் இல்லையென்றால், சமதரைக்கென வகுத்த விதிதான் மலைக்கும் வந்து சேரும்.

நீங்கள் சொல்லும் குறை பொய் என்று நான் வாதாட மாட்டேன். தொழில்சார் அமைப்புகள் தங்கள் உறுப்பினரின் வருமானத்துக்குக் காவலாக மாறிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அமெரிக்காவில் கட்டடக்கலைஞர்கள் கட்டணத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடக் கூடாது என்று அவர்களுடைய நிறுவகம் வைத்திருந்த விதி, 1972இல் அந்நாட்டு நீதித் திணைக்களத்தின் நடவடிக்கையால் கைவிடப்பட்டது. பிரித்தானிய அரச நிறுவகத்தின் கட்டாயக் கட்டண அட்டவணையும் 1982இல் கட்டாயம் அல்லாத பரிந்துரையாக மாறியது. தகுதி காப்பதற்கென எழுப்பிய வேலி, பிறரை உள்ளே விடாமல் தடுக்கும் வேலியாகவும் ஆகலாம். லயத்துக் காம்பராவில் படித்து வந்த பிள்ளைக்குக் கட்டணமும் மொழியும் தூரமும் அப்படிப்பட்ட வேலியாகத் தெரிவதை நான் மறுக்க முடியாது. மலைச்சரிவில் வீடு கட்டுவோருக்கு, எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று சாதாரண தமிழில் படங்களோடு சொல்லும் கைநூல் ஒன்று ஒவ்வொரு பிரதேச சபை மேசையிலும் கிடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எனக்குப் பிந்தியவர்களாவது அதைச் செய்து முடிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஏங்குகிறேன்.

மலையகத்திலிருந்துகொண்டு இத்தொழிலுக்கு வழிகாட்ட முடியுமா என்று ஐயுறும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் மினெட் டி சில்வா. கண்டியில் பிறந்தவர்; 1948இல் பிரித்தானிய அரச நிறுவகத்தின் உறுப்பினராகத் தெரிவான முதல் ஆசியப் பெண். கொழும்புக்குப் போய்விடாமல் கண்டியிலிருந்தே தொழில் செய்தார். 1950களில் அரச ஊழியருக்கான வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்தபோது, குடியேறவிருந்த குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன தேவை என்று கேட்டறிந்து, அதன்படி வெவ்வேறு வீட்டு வகைகளை வரைந்தார். குடியிருக்கப் போகிறவரைக் கேட்டு வீடு கட்டுவது அன்றைக்குப் புதுமை. இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது 1996இல், அவருடைய எழுபத்தெட்டாவது வயதில். இரண்டே ஆண்டுகளில் காலமானார். அந்த மரியாதை மிகத் தாமதமாக வந்தது என்பதே என் கருத்து. அதே நகரத்தில் தொழில் பழகும் உங்களுக்கு அவருடைய முறை மிக அண்மையில் கிடக்கிறது. தோட்டங்களில் அண்மைக் காலத்தில் எழுந்த தனி வீடுகள் பெரும்பாலும் ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி என்ற ஒரே அளவில் வந்தவை. விறகு எங்கே அடுக்குவது, பனிக்காலத்தில் துணி எங்கே உலர்த்துவது, லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசிய பழக்கத்துக்குப் புதிய வீட்டில் எந்த இடம் என்றெல்லாம் அந்தக் குடும்பங்களைக் கேட்டு வரைந்தால் அதே பரப்பில் எவ்வளவு மாற்றம் வரும் என்று உங்களுக்குத் தெரியும்; ஏனெனில் நீங்கள் அந்த இஸ்தோப்பில் படித்தவர். கொழும்பில் கூடும் குழுவில் இந்த அறிவோடு பேசக்கூடியவர்கள் எத்தனை பேர்? வெளியே நின்று எழுதும் முறைப்பாட்டை விட, உறுப்பினராக எழுந்து நின்று பேசும் ஐந்து நிமிடம் அங்கே அதிகம் கேட்கப்படும்.

ஆகவே என் ஆலோசனை, சேருங்கள் என்பதே. ஆனால் கடன் வாங்கிச் சேர வேண்டாம். இப்போது முழுக் கவனமும் பயிற்சிக் குறிப்பேட்டிலும் பரீட்சையிலும் இருக்கட்டும். பரீட்சைக்கு முன்னரே நிறுவகச் செயலகத்துக்கு நேரடியாக எழுதி, கட்டணங்கள் என்ன, தவணையாகக் கட்டலாமா, பயிற்சி நிலையில் இருப்பவருக்கு என்ன வகை உறுப்புரிமை உண்டு என்று எழுத்தில் பதில் பெறுங்கள். ஊரார் சொல்லும் தொகையை நம்ப வேண்டாம். உறுப்பினராகும்படி வற்புறுத்தும் உங்கள் மூத்தவரிடம், சந்தாவில் ஒரு பகுதியை அலுவலகம் ஏற்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல அலுவலகங்களுக்கு இது புதிய வழக்கம் அல்ல, பட்டயம் பெற்ற ஒருவர் இருப்பது அலுவலகத்துக்கும் பெருமை. சேர்ந்த பிறகு முதல் ஆண்டில் கூட்டங்களில் வெறுமனே கேட்டுக்கொண்டிருங்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு குழுவுக்குப் பெயர் கொடுங்கள். ஊதியமில்லாமல் உழைக்க வருபவரை எந்தக் குழுவும் திருப்பி அனுப்பாது. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொண்டுபோய் வாசியுங்கள். நானும் முதல் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் வாசித்தேன், எவரும் சிரிக்கவில்லை. கையில் ஒரே ஒரு கோரிக்கையை வைத்திருங்கள். நான் சொன்ன தமிழ்க் கைநூலாக இருக்கலாம், கண்டியிலோ ஹட்டனிலோ மாதம் ஒரு நாள் இலவச ஆலோசனையாக இருக்கலாம். பத்துக் கோரிக்கைகளோடு போகிறவரை எல்லோரும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பொதுமக்கள் பற்றியும் ஒன்று தெரிந்திருங்கள், ஏனெனில் ஊரில் உங்களிடம் வந்து கேட்பார்கள். நிறுவக உறுப்பினர் ஒருவர் தொழில் ஒழுக்கம் தவறினால் வாடிக்கையாளர் எழுத்து மூலம் நிறுவகத்துக்கு முறையிடலாம். அத்தகைய விசாரணை, பொதுவாக, உறுப்பினரைக் கண்டிப்பதற்கோ இடைநிறுத்துவதற்கோ நீக்குவதற்கோ உரியது. இழந்த பணத்தை மீட்பதற்கு ஒப்பந்தத்தில் சொன்ன நடுவர் தீர்ப்பையோ நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். முறையீட்டோடு ஒப்பந்தம், கடிதங்கள், பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் நடந்த வேலைக்கு யாராலும் அதிகம் செய்ய முடியாது.

மாமாவின் வீட்டுக்கு வருவோம். அந்த வேலையை உங்கள் அலுவலகத்தின் பதிவு பெற்ற கட்டடக்கலைஞர் தம் பெயரில் ஏற்பாரா என்று கேளுங்கள். உறவினர் வீடு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் ஏற்றால், அவருடைய மேற்பார்வையில் நீங்கள் வரையலாம், அது குறிப்பேட்டிலும் பதிவாகும். கட்டணம் சிறிதாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், அதில் மாமாவும் கையொப்பமிடட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் பிரதேச சபையின் அனுமதியும் கிடைக்கும் முன் ஒரு கூடை மண்கூட வெட்ட வேண்டாம் என்று அவரிடமிருந்து வாக்கு வாங்குங்கள். அவருடைய மேசன் பாஸிடமும் அதே வாக்கை வாங்குங்கள். வரையத் தொடங்கும் முன், ஒரு பெருமழை விட்ட மறுநாள் காலையில் அந்தக் காணிக்குப் போய், மேலிருந்து வரும் தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று மாமாவையே நடந்து காட்டச் சொல்லி, அந்தத் தடத்தை முதலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.